வரி சைபர் ஆனால் காசு யாருக்கு? பிரிட்டன், ஆஸ்திரேலியா, துபாய், ஜப்பான்: ஒரு பனியன் கம்பெனியின் கணக்கு

சித்தி மகன் திருப்பூரில் அறுபது மெஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறான். குழந்தைகள் உடுப்புதான் முக்கிய வேலை. இத்தனை வருஷமாக இங்கே வாங்கி வெளிநாட்டுக்கு விற்கிற மெர்ச்சண்ட் எக்ஸ்போர்ட்டர்களுக்குத் தைத்துக் கொடுத்தே காலம் ஓட்டியவனுக்கு, இப்போது சொந்தப் பெயரில் இன்வாய்ஸ் போட ஆசை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவன் காபியை ஆறவிட்டுவிட்டுக் கேட்டான்.

"ஏண்ணா, இங்கிலாந்துக்காரனோட ஒப்பந்தம் போட்டாச்சு, வரி சைபர்ங்கறாங்க. அப்ப அந்த ஒம்பதரை பர்சென்ட் நமக்குத்தானே மிச்சம்?"

"நீ என்னைக்குடா அந்த வரியைக் கட்டுன?"

முழித்தான். அவன் மட்டுமில்லை, பத்து வருஷம் தொழிலில் இருப்பவர்களில்கூடப் பாதிப் பேர் இந்த இடத்தில் முழிப்பார்கள். ஷிப்பிங் டாக்குமெண்ட் வேலையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால், அன்று ராத்திரி அவனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே எழுதுகிறேன். எந்த நாட்டைப் பிடிப்பது என்று யோசிக்கிற சின்ன கம்பெனிகளுக்காக. ஐரோப்பிய யூனியனை இதில் சேர்க்கவில்லை. அது 27 நாட்டுக் கதை, தனியாகத்தான் எழுத வேண்டும்.

முதலில் வரியைக் கட்டுவது யார்? திருப்பூரில் பெரும்பாலான ஆர்டர் எஃப்.ஓ.பி. விலையில்தான் ஓடுகிறது. தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றியதோடு நம் பொறுப்பு தீர்ந்தது. அந்தப் பக்கம் இறங்கும்போது கஸ்டம்ஸில் வரி கட்டுவது பையர். வரி சைபர் ஆனால் மிச்சமாவது அவர் பாக்கெட்டில். நீங்களே வரியும் கட்டிக் கடை வாசலில் சரக்கை இறக்கித் தரும் டி.டி.பி. முறையில் விற்றால் மட்டும்தான் அந்தக் காசு நேராக உங்களுக்கு. நமக்குக் கிடைப்பது வேறு ஒன்று: நேற்றுவரை நம் விலையைப் பார்த்து மெயிலுக்குப் பதில்கூடப் போடாத பையர், இனிமேல் போடலாம்.

அது எந்த அளவுக்கு நடக்கும் என்பது நம் வரியைப் பொறுத்தது அல்ல. பக்கத்து ஆள் எவ்வளவு கட்டுகிறான் என்பதைப் பொறுத்தது. ஒப்பந்தச் செய்திகளில் இந்தப் பாதி வருவதே இல்லை.

பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். ஆடைகளுக்கு அங்கே பொதுவான இறக்குமதி வரி 12 சதவீதம். வளரும் நாடுகளுக்கான சலுகைத் திட்டத்தில் இந்தியாவுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி, ஆக 9.6. அதே திட்டத்தில் பங்களாதேஷ், கம்போடியா, பாகிஸ்தான், இலங்கைக்கெல்லாம் சைபர். துருக்கிக்குத் தனி ஒப்பந்தம், அதுவும் சைபர். சீனா மட்டும் முழு 12 கட்டுகிறது. 2025 ஜூலை 24-ஆம் தேதி கையெழுத்தான இந்தியா–பிரிட்டன் ஒப்பந்தம் நம் ஆடைகளுக்கு அந்த 9.6-ஐ சைபர் ஆக்குகிறது.

கணக்குக்காக ஒரு டி-ஷர்ட்டை வைத்துக்கொள்வோம். நம் எஃப்.ஓ.பி. விலை 4 டாலர். பங்களாதேஷ்காரர் 3.70-க்குத் தருகிறார், சீனாக்காரர் 3.90-க்கு. கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் எல்லோருக்கும் 15 சென்ட். பிரிட்டனில் வரி இந்தக் கூலியையும் சேர்த்த சி.ஐ.எஃப். விலை மீது. பழைய வரியில் நம் சரக்கு பையருக்கு 4.55-க்கு இறங்கியது. பங்களாதேஷ் சரக்கு 3.85, சீனா சரக்கு 4.54. ஒப்பந்தத்துக்குப் பிறகு நம்முடையது 4.15.

இதை நின்று பார்க்க வேண்டும். சீனாவோடு நேற்றுவரை தோளோடு தோள் நின்றோம், இனி 39 சென்ட் மலிவு. பங்களாதேஷோடு 70 சென்ட் இடைவெளி 30 சென்ட்டாகச் சுருங்கியது, ஆனால் மறையவில்லை. மிச்ச முப்பது சென்ட்டை வரியால் அடைக்க முடியாது. சின்ன லாட் எடுப்பது, நூலிலிருந்து பேக்கிங் வரை ஒரே ஊரில் முடிப்பது, சாம்பிளை நாலு நாளில் கொடுப்பது, இப்படித்தான் அடைக்க வேண்டும். ஆயிரம் பீஸ், ரெண்டாயிரம் பீஸ் ஆர்டரை வேண்டா வெறுப்பாகப் பார்க்கிற டாக்காவின் பெரிய ஃபேக்டரிகளோடு திருப்பூர் ஜெயிக்கிற இடம் அதுதான்.

ஆகவே "இனி பங்களாதேஷ் ஆர்டரெல்லாம் இங்கே கொட்டும்" என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. சீனாவிடமிருந்து நகர்கிற ஆர்டரைப் பிடிப்பதுதான் நடக்கிற காரியம். இன்னொன்று, மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து பங்களாதேஷ் வெளியேற ஐ.நா. குறித்த நாள் 2026 நவம்பர் 24. அன்றைக்கே அவர்கள் சலுகை போய்விடும் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டன் தன் திட்டத்தில் மூன்று வருஷம் அவகாசம் தருகிறது.

குழந்தை உடுப்பு தைப்பவர்களுக்குப் பிரிட்டனில் கூடுதல் வசதி ஒன்று உண்டு. அங்கே குழந்தைகள் ஆடைக்கு வாட் வரி கிடையாது, பூஜ்யம். ஆக எல்லையில் இருந்த ஒரே வரி இந்த இறக்குமதி வரிதான். அது போனால் வரி என்றே ஒன்றும் மிஞ்சாது. தம்பி இதைக் கேட்டதும்தான் காபியை எடுத்தான்.

சரி, பிரிட்டனின் சிரமம் என்ன? ஆடிட். பெரிய கடைத் தொடர்கள் தொழிலாளர் கூலி, ஓவர்டைம், ஹாஸ்டல், தீயணைப்பு என்று எல்லாவற்றையும் பார்க்கும். 2015-இல் அங்கே வந்த நவீன அடிமைமுறைச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தங்கள் சப்ளை வரிசையில் என்ன நடக்கிறது என்று வருஷா வருஷம் அறிக்கை தரச் சொல்கிறது. அந்தச் சுமை கடைசியில் வந்து இறங்குவது நம் ரெஜிஸ்டர்களில். அறுபது மெஷின்காரர் நேராகப் பெரிய தொடருக்குப் போவதைவிட, நாலைந்து கடைகளுக்கு எடுத்து விற்கிற நடுத்தர இறக்குமதியாளரைப் பிடிப்பது நல்லது.

ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். ஒப்பந்தம் 2022 ஏப்ரல் 2-இல் கையெழுத்தானது, டிசம்பர் 29-இல் அமலுக்கு வந்தது. கையெழுத்துக்கும் அமலுக்கும் நடுவில் ஒன்பது மாசம். இந்த நடுக்காலத்தில் போன சரக்குக்குச் சலுகை இல்லை. செய்தித்தாளைப் பார்த்து விலை கொடுத்துவிடாமல், அமல் தேதியைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அமீரகத்தோடு போட்டது மட்டும் எழுபது நாள் சொச்சத்திலேயே அமலுக்கு வந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவில் ஆடைக்குப் பொது வரியே 5 சதவீதம்தான், அதுவும் எஃப்.ஓ.பி. விலை மீது. நம் நாலு டாலர் டி-ஷர்ட்டுக்கு 20 சென்ட் மிச்சம். ஆனால் சீனாவுக்கு 2015 டிசம்பரில் அமலான ஒப்பந்தத்தால் அங்கே எப்போதோ சைபர் ஆகிவிட்டது. பங்களாதேஷுக்கு 2003-இலிருந்தே சைபர். வியட்நாமுக்கும் ஆசியான் கூட்டு ஒப்பந்தத்தால் சைபர். ஆக இங்கே நமக்குக் கிடைத்தது சலுகை என்பதைவிட, இருந்த ஊனம் நீங்கியது என்பதே சரி. எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கிறோம்.

இருந்தும் திருப்பூருக்கு ஆஸ்திரேலியா நல்ல சந்தை என்று சொல்வேன். காரணம் வரி அல்ல, பருவம். அங்கே கோடை டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. ஐரோப்பாவின் கோடை ஆர்டரைத் தைத்து முடித்துவிட்டு டெய்லர்கள் சும்மா உட்காருகிற மாசங்களில், ஆஸ்திரேலியாவின் கோடைச் சரக்கு ஓடும். கையும் மெஷினும் காலியாக இருக்கிற மாசத்தில் வரும் ஆர்டருக்கு, லாபம் கொஞ்சம் குறைந்தாலும் சம்பளம் ஓடுமே. ஒரு எச்சரிக்கை: குழந்தைகளின் இரவு உடுப்புக்கு அங்கே தீ அபாய லேபிள் கட்டாயம். அந்த லேபிள் தைக்க மறந்தால் சரக்கை விற்கவே முடியாது.

இந்த ஒப்பந்தத்தில் நமக்கு வரவும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஆஸ்திரேலியப் பருத்தியில் வருஷத்துக்கு 51,000 டன் வரை வரியில்லாமல் இந்தியாவுக்குள் வரலாம். இந்தியாவில் பருத்திக்குச் சாதாரணமாக 11 சதவீத இறக்குமதி வரி. நூல் விலையில் மில்காரர்கள் அதில் எவ்வளவு நமக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது வேறு கதை, அதைப் பேசினால் இந்தக் கட்டுரை முடியாது.

துபாய்தான் எல்லோருக்கும் முதலில் வாயில் வரும் பெயர். பக்கம், பாஷை தெரியும், நம்மூர்க்காரர்களே கடை வைத்திருக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தோடு ஒப்பந்தம் 2022 மே 1 முதல் அமலில் இருக்கிறது. வரி 5 சதவீதத்திலிருந்து சைபர். இங்கே ஒரு வேடிக்கை. நாலில் மிகச் சின்ன வரி இங்கும் ஆஸ்திரேலியாவிலும்தான். ஆனால் இங்கே சீனாவும் பங்களாதேஷும் அந்த ஐந்தை இன்னும் கட்டுகின்றன. காகிதத்தில் பார்த்தால், பங்களாதேஷைவிட நாம் உண்மையிலேயே முன்னால் நிற்கிற சந்தை இது ஒன்றுதான்.

காகிதத்தில் என்று ஏன் சொல்கிறேன்? துபாய்க்குப் போகிற சரக்கில் பெரும்பகுதி துபாயில் தங்குவதில்லை. ஜெபல் அலி ஃப்ரீ ஸோனில் இறங்கி, ஆப்பிரிக்காவுக்கும் ஈரானுக்கும் மத்திய ஆசியாவுக்கும் போகிறது. ஃப்ரீ ஸோனில் இறங்கும் சரக்குக்கு யாருக்குமே வரி கிடையாது. அப்படியானால் ஒப்பந்தத்தின் ஐந்து சதவீதம் அங்கே யாருக்கும் பயன்படாது. உள்ளூர் கடைகளில் விற்கிற சரக்குக்கு மட்டும்தான் அந்த முன்னிலை. பையரிடம் முதலில் கேட்க வேண்டியது "சரக்கு எங்கே விக்கப் போறீங்க?" என்பதுதான். அப்புறம் அமீரகமும் துருக்கி, இந்தோனேசியா, கம்போடியா என்று வரிசையாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டே போகிறது. நமக்கு மட்டும் என்று இருக்கிற சலுகை எங்கேயும் ரொம்ப நாள் நிற்பதில்லை. பணம் வருகிற விதத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. எல்.சி. என்கிற பேங்க் உத்தரவாதம் அல்லது முன்பணம், இரண்டும் இல்லாமல் சரக்கை ஏற்றாதே என்று மட்டும் தம்பிக்குச் சொன்னேன்.

இப்போது ஜப்பான். ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இதைப் படித்துவிட்டுப் பேச வேண்டும் என்பது என் எண்ணம். இந்தியா–ஜப்பான் ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 1-இல் அமலுக்கு வந்தது. நம் ஆடைகளுக்கு அன்றிலிருந்து வரி இல்லை. அந்தக் காலத்தில் சீனாவுக்கு வரி உண்டு, பத்து சதவீதத்தைச் சுற்றி. 2022-இல் சீனாவும் ஜப்பானும் சேர்ந்திருக்கிற ஆர்செப் கூட்டு ஒப்பந்தம் வரும்வரை பத்து வருஷத்துக்கு மேல் நமக்குச் சீனாவைவிட அந்த அளவு முன்னிலை இருந்தது. அப்படியும் ஜப்பான் கடைகளில் தொங்குவது பெரும்பாலும் சீனத் துணி, அதற்கடுத்து வியட்நாம். நாம் தேடிப் பிடிக்க வேண்டிய இடத்தில் இருக்கிறோம்.

ஏன் என்பதற்கு ஜப்பான் ஆர்டர் தைக்கிற ஒரு யூனிட்டுக்குள் போய்ப் பார்த்தால் போதும். டெய்லர் ஊசி உடைந்தால் லைன் நின்றுவிடும். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியின் வடிவம் வருகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு துணுக்கு கிடைக்காவிட்டால் அந்த பண்டிலே ஒதுக்கப்படும். பேக்கிங்குக்கு முன் ஒவ்வொரு பீஸும் நீடில் டிடெக்டர் வழியாகப் போக வேண்டும். குழந்தை உடுப்பு என்றால் ஃபார்மால்டிஹைடு என்கிற ரசாயனம் இருக்கிறதா என்று சோதனை. இரண்டு வயதுக்குட்பட்டவர்களின் துணியில் அது அகப்படவே கூடாது என்பது அங்கே சட்டம். நம் டையிங்கில் போடாவிட்டாலும், பக்கத்தில் அடுக்கிய வேறு சரக்கிலிருந்தோ பிளைவுட் அலமாரியிலிருந்தோ துணி அதை இழுத்துக்கொள்ளும். அதனால் அயர்ன் பண்ணிய கையோடு பாலிபேக்கில் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். 2016 ஏப்ரலிலிருந்து அஸோ என்கிற வகைச் சாயங்களில் சிலவற்றுக்கும் சட்டப்படி கட்டுப்பாடு.

இத்தனையும் செய்தபின் வருவது 600 பீஸ், 800 பீஸ் ஆர்டர். ஆனால் ஒருமுறை பிடித்துவிட்டால் ஜப்பான்காரர் பத்து சென்ட்டுக்காக ஓடிப்போகிற ஆள் அல்ல. இது இரண்டு வருஷம் செலவு செய்து காத்திருக்கத் தெம்புள்ளவர்களுக்கான சந்தை.

சுவிட்சர்லாந்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-இல் அமலானது உண்மை, ஆனால் அந்த நாடு 2024 ஜனவரி 1-இலேயே தொழில் பொருள்களுக்கான வரியை உலகம் முழுவதற்கும் எடுத்துவிட்டது. ஆடை விஷயத்தில் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அமெரிக்காவை விட்டுவிட்டுப் பேச முடியுமா? காட்டன் டி-ஷர்ட்டுக்கு அங்கே அடிப்படை வரியே 16.5 சதவீதம், பாலியெஸ்டர் என்றால் 32. நாலு டாலருக்கு 66 சென்ட் என்றிருந்தது, 2025 ஆகஸ்டில் முதலில் 25, அந்த மாசம் 27-ஆம் தேதியிலிருந்து இன்னொரு 25 என்று ஏறியபோது 2.66 டாலர் ஆனது. ஆர்டரை எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தவர்களிடம் பையர்கள் "பாதியை நீங்க ஏத்துக்கணும்" என்று கேட்ட நாள்கள் அவை. ஆஸ்திரேலியாவோ ஜப்பானோ தருகிற சைபர், அட்டவணையாக ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. அடுத்த வருஷம் எவ்வளவு என்று இன்றைக்கே சொல்லலாம். அமெரிக்காவில் அந்த ஏற்றம் வந்தது ஜனாதிபதியின் உத்தரவில். ஒரு உத்தரவில் ஏறியது இன்னொன்றில் இறங்கும், மறுபடியும் ஏறும். கையில் ரிசர்வ் பணமில்லாத சின்ன கம்பெனி புதிதாக அங்கே போய் நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெர்ச்சண்ட் எக்ஸ்போர்ட்டர் வழியாக வருகிற அமெரிக்க வேலையை விடவும் வேண்டாம்.

இனி எந்த நாடானாலும் பொதுவான ஒரு விஷயம்: சரக்கு இந்தியாவில் பிறந்தது என்று நிரூபிக்க வேண்டும். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனி விதி. சிலவற்றில் துணி எங்கிருந்து வந்தாலும் இங்கே வெட்டித் தைத்தால் போதும். சிலவற்றில் துணியும் இங்கேயே பின்னியிருக்க வேண்டும். சிலவற்றில் நூலிலிருந்தே. காட்டன் பனியனுக்குத் திருப்பூரில் இது பிரச்சினையே இல்லை. நூல் கோயம்புத்தூர், திண்டுக்கல் மில்லில், நிட்டிங்கும் டையிங்கும் ஊருக்குள்ளேயே. விதி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் தாண்டிவிடுவோம். ஆனால் சீனாவிலிருந்து பாலியெஸ்டர் துணி இறக்கி ஸ்போர்ட்ஸ் வேர் தைக்கிறவர்கள், விலை கொடுக்கும் முன்பே அந்தந்த ஒப்பந்தத்தின் பொருள்வாரி விதியைப் படித்தாக வேண்டும்.

இதற்கான சர்டிபிகேட்டை வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். பிரிட்டன் ஒப்பந்தத்தில் ஏற்றுமதியாளரே தன் சரக்குக்குத் தானே உறுதிமொழி எழுதித் தர வழி இருக்கிறது. வேலை சுலபம், பொறுப்பு அதிகம். பிற்பாடு அந்த நாட்டுக் கஸ்டம்ஸ் கேட்டால் நூல் பில், நிட்டிங் சலான், டையிங் பில் எல்லாம் எடுத்துக் காட்ட வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கொழும்பில் மாற்றிப் போகிற சரக்குக்கு, வழியில் யாரும் பெட்டியைத் திறக்கவில்லை என்று காட்டும் முழுவழி பில் ஆஃப் லேடிங்கும் கையில் இருக்கட்டும்.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். குழந்தைகள் டி-ஷர்ட், ஒரே ஸ்டைல், நாலு சைஸ். எல்லாம் குழந்தை உடுப்புதானே என்று மொத்தத்துக்கும் 6111 என்று, கஸ்டம்ஸுக்குச் சரக்கின் வகையைச் சொல்லும் எச்.எஸ். கோடு போட்டுச் சர்டிபிகேட் எடுத்துவிட்டேன். உலகம் முழுவதும் உள்ள விதிப்படி 6111 என்பது 86 சென்டிமீட்டர் உயரம் வரை உள்ள குழந்தைகளின் உடுப்பு. எங்கள் பெட்டியில் 92 சைஸும் இருந்தது. அது 6109, சாதாரண டி-ஷர்ட்டுக்கான கோடு. அந்தப் பக்கம் கஸ்டம்ஸ் கோடு பொருந்தவில்லை என்று சலுகையை மறுத்தது. பையர் முழு வரியையும் கட்டிவிட்டு, அந்தத் தொகைக்கு எங்களுக்கு டெபிட் நோட் அனுப்பினார். தப்பு என் மேல், ஒன்றும் பேச முடியவில்லை. ஆறு சென்டிமீட்டர் துணி அந்த ஷிப்மெண்டின் லாபத்தைச் சாப்பிட்டது.

தம்பிக்கு நான் சொன்ன முடிவு இது. இலக்கு பிரிட்டன், ஆனால் நடுத்தர இறக்குமதியாளர் வழியாக. விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டால், வரியில் மிச்சமாகும் 40 சென்ட் ஏற்கெனவே அவருக்குத்தான் போகிறது என்று காஸ்டிங் ஷீட்டில் எழுதியே காட்டு, வாயால் சொல்லாதே. சும்மா இருக்கும் மாசங்களுக்கு ஆஸ்திரேலியா. துபாய்க்குக் கைக்காசு வந்தால் மட்டும். ஜப்பானுக்கு இப்போதே ஊசி ரெஜிஸ்டர் போடப் பழகு, ஆர்டர் பிறகு பார்க்கலாம். அந்தப் பழக்கம் பிரிட்டன் ஆடிட்டிலும் உதவும். பெரிய கம்பெனி வைத்திருக்கிற ஒருவருக்கு இதே வரிசையைச் சொல்ல மாட்டேன். முதலீடும் டெஸ்டிங் வசதியும் இருந்தால் அவர் ஜப்பானை மேலே கொண்டுவரலாம்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனான். மறுநாள் காலை ஏழு மணிக்கு போன். பின்னால் ஓவர்லாக் மெஷின் சத்தம்.

"ண்ணா, நம்ம கைல இருக்கற ராம்பர் ஆர்டர்ல 92 சைஸ் நானூத்தி எம்பது பீஸ் இருக்குது. அந்தப் பேக்கிங் லிஸ்ட்டத் தனியாப் பிரிச்சரலாமா?"